எல்லை தாண்டினால் இரட்டை வரியா?

பிழைப்புத் தேடி ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குப் போகும் தொழிலாளி தன்னோடு எதைக் கொண்டு போகிறான்? இரண்டு துணி மூட்டை, நாலு பாத்திரம், கரணையோ ஸ்பானரோ தன் தொழிலுக்கு வேண்டிய கருவி. இவற்றுக்கு எந்தச் சர்க்காரும் எல்லையில் நின்று வரி கேட்பதில்லை. ஆனால் தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிள் ஒன்றையும் கூடக் கொண்டு போய்விட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. ஒரு முறை வரி கட்டிய வண்டிக்கு மறுமுறை வரி. அந்த வரியைக் கட்டுவதற்கே பல நாள் கூலி நஷ்டம். அதற்கு மேல் புரோக்கர் பணம், பஸ் சார்ஜ், கடன் வட்டி.

மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனுக்கு வரி கட்ட என்ன கஷ்டம் என்று சிலர் கேட்கலாம். கேட்பவர்கள் தொழிற்பேட்டைகளுக்கு வந்து பார்க்கட்டும். இரவு ஷிப்ட் முடிந்து வெளியே வரும் தொழிலாளிக்கு அந்த நேரத்தில் பஸ் கிடையாது. ஆலைக்குப் பக்கத்தில் வாடகை கட்டுபடியாகாததால் ஏழெட்டு மைல் தள்ளி லைன் வீட்டில் குடியிருக்கிறான். கட்டிடத் தொழிலாளிக்கு இன்று ஒரு இடத்தில் வேலை, அடுத்த வாரம் இன்னொரு இடத்தில் வேலை. மேஸ்திரி சொன்ன இடத்தில் காலை எட்டு மணிக்கு நிற்காவிட்டால் அன்றையக் கூலி போயிற்று. அவனுக்கு மோட்டார் சைக்கிள் கரணையைப் போல, மட்டப் பலகையைப் போல ஒரு தொழில் கருவி. அந்தக் கருவியின் பேரில் விழும் சுமையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1988-ஆம் வருஷத்திய மோட்டார் வாகனச் சட்டம் மத்திய சர்க்கார் சட்டம். அதன் 46-வது பிரிவின்படி இந்தியாவில் ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டியின் பதிவு நாடு முழுவதும் செல்லும். இதை மட்டும் படித்தால் மனதுக்கு நிம்மதியாக இருக்கும். அடுத்த பிரிவு, 47-வது பிரிவு, அந்த நிம்மதியைக் கெடுக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அந்த மாநிலத்தின் புது நம்பர் வாங்க வேண்டும் என்று அது சொல்கிறது. புது நம்பர் வாங்குவதற்குப் பழைய மாநிலத்து ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து தடையில்லாச் சான்று கொண்டு வர வேண்டும். 48-வது பிரிவு அதற்கானது.

பதிவுச் சட்டம் மத்திய சர்க்காருடையது, வரியோ மாநிலத்துடையது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 57-வது இனமாக வாகன வரி வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வரிச் சட்டம் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டம் 1974-ஆம் வருஷத்தியது. கர்நாடகச் சட்டம் 1957-ஆம் வருஷத்தியது. விகிதமும் வேறு, அட்டவணையும் வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் விகிதத்தை உயர்த்தினார்கள். புது மோட்டார் சைக்கிளின் விலை ஒரு லட்சம் ரூபாய் வரையில் இருந்தால் 10 சதவிகிதம், அதற்கு மேல் போனால் 12 சதவிகிதம் ஆயுட்கால வரி என்று ஆயிற்று. அதற்கு முன்பு 8 சதவிகிதம் இருந்தது.

ஆயுட்கால வரி என்ற பெயரைக் கவனியுங்கள். வண்டியின் ஆயுள் முழுவதற்கும், அதாவது 15 வருஷத்துக்கும் சேர்த்து, வாங்கும் நாளிலேயே மொத்தமாக வசூலித்துக் கொள்கிறார்கள். அந்த வண்டி மாநில எல்லையைத் தாண்டிப் போய்க் குடியேறிவிட்டால், கட்டிய ஆயுட்கால வரியின் ஆயுள் அங்கேயே முடிந்து விடுகிறது! புது மாநிலம் தன் சட்டப்படி மீண்டும் ஒரு ஆயுட்கால வரி கேட்கிறது. ஒரே வண்டிக்கு இரண்டு ஆயுள் வரி. வண்டி ஓடுவது என்னவோ ஒரே சமயத்தில் ஒரு ரோட்டில்தான்.

பழைய மாநிலம் மீதி வருஷங்களுக்கான வரியைத் திருப்பித் தரும் என்று வரிச் சட்டங்களில் வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் புது மாநிலத்தில் முழு வரியையும் கட்ட வேண்டும். புது நம்பர் வாங்க வேண்டும். அந்த நம்பரைக் காட்டிப் பழைய மாநிலத்துக்கு மனுப் போட வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். பழைய மாநிலம் திருப்பித் தரும் தொகைக்கு ஒரு அட்டவணை, புது மாநிலம் கேட்கும் தொகைக்கு இன்னொரு அட்டவணை. இரண்டும் பொருந்தியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தச் சட்டத்திலும் இல்லை.

ரசீது இல்லாத செலவு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தர்மபுரி ஜில்லாவிலிருந்து பெங்களூருக்குப் போய்த் தங்கிவிட்ட ஒரு கொத்தனாரை எடுத்துக் கொள்வோம். 80,000 ரூபாய் விலையில் மோட்டார் சைக்கிள் வாங்கியவர். தமிழ்நாட்டில் 10 சதவிகிதம், 8,000 ரூபாய், ஆயுட்கால வரி கட்டியாயிற்று. இரண்டு வருஷம் ஓட்டிய பிறகு நம்பர் மாற்ற வேண்டி வருகிறது.

முதல் படி, தடையில்லாச் சான்று. பைனான்ஸ் கம்பெனிக்குத் தவணை பாக்கி இருந்தால் அந்தக் கம்பெனியின் சம்மதக் கடிதம் வேண்டும். வண்டியின் பேரில் திருட்டு வழக்கு இல்லை என்று போலீஸ் அறிக்கை வேண்டும். போட்ட அபராதம் ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் தீர்க்க வேண்டும். சேசிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுக்க வேண்டும். இப்போது இணையத்தில் மனுப் போடலாம் என்கிறார்கள், நல்லதுதான். ஆனால் இங்கிலீஷில் கேள்வி கேட்கும் அந்தப் படிவத்தை நிரப்ப, கம்ப்யூட்டர் சென்டர்காரனுக்குப் பணம் கொடுக்க வேண்டும். மனுப் போட்ட பிறகும் ஆபீஸ் படி ஏறாமல் காகிதம் நகர்வது அபூர்வம்.

இரண்டாம் படி, புது மாநிலத்து ஆபீஸ். வண்டியைக் கொண்டு போய்க் காட்ட வேண்டும். குடியிருக்கும் விலாசத்துக்கு அத்தாட்சி வேண்டும். லைன் வீட்டுக்காரர் வாடகைப் பத்திரம் எழுதிக் கொடுப்பாரா? பெரும்பாலும் மாட்டார். கட்டிட வேலை நடக்கும் இடத்திலேயே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருப்பவனுக்கு விலாசம் ஏது? இந்த இடத்தில்தான் புரோக்கர் வருகிறார். "எல்லாவற்றையும் நான் பார்த்துக் கொள்கிறேன், பணத்தைக் கொடு" என்கிறார்.

இனித் தொகையைக் கூட்டுவோம். புது மாநிலம் வண்டியின் வயதுக்குக் கழிவு கொடுத்து 7,000 ரூபாய் வரி கேட்கிறது என்று வைத்துக் கொள்வோம். பதிவுக் கட்டணம், புது நம்பர் பிளேட், மற்றச் சில்லறைச் செலவு 1,000 ரூபாய். இரண்டு ஊர் ஆபீசுக்கும் அலைந்ததில் ஐந்து நாள் வேலை போயிற்று. நாளுக்கு 800 ரூபாய் கூலி என்றால் 4,000 ரூபாய். பஸ் சார்ஜும் சாப்பாடும் 1,500. புரோக்கருக்கு 2,000. ஆக மொத்தம் 15,500 ரூபாய். அந்தக் கொத்தனாரின் பத்தொன்பது நாள் கூலிக்கும் மேலே!

இந்த 15,500-இல் சர்க்கார் ரசீது இருப்பது 8,000 ரூபாய்க்குத்தான். மீதி 7,500 ரூபாய்க்கு எங்கும் ரசீது கிடையாது. எந்தப் பட்ஜெட்டிலும் அது வரவாக எழுதப்படுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டப்படி மத்திய சர்க்கார் 2016-இல் திருத்திய விதி, மோட்டார் சைக்கிளுக்குப் புது நம்பர் கொடுக்க 300 ரூபாய் கட்டணம் என்று சொல்கிறது. விதியைப் படிப்பவர், "வெறும் 300 ரூபாய்தானே!" என்பார். அந்த 300 ரூபாயைக் கட்டும் ஜன்னலுக்குப் போய்ச் சேரத் தொழிலாளிக்கு ஆகும் செலவு விதிப் புத்தகத்தில் இல்லை.

அந்த 7,000 ரூபாய் வரியும் கையிலிருந்து வரப்போவதில்லை. மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாதத்துக்கு 210 ரூபாய் வட்டி. பழைய மாநிலத்தின் பணம் ஆறு மாதம் கழித்து வந்தால் 1,260 ரூபாய் வட்டிக்கே போயிற்று.

இந்தக் கணக்கில் இன்னொரு உண்மையும் ஒளிந்து கிடக்கிறது. பழைய மாநிலம் நேர் கணக்குப்படி திருப்பித் தருவதாக வைத்துக் கொள்வோம். 15 வருஷத்தில் 2 வருஷம் போக 13 வருஷப் பாக்கி. 8,000 ரூபாயில் அது 6,900 ரூபாய்க்குச் சற்று மேல். புது மாநிலம் வாங்கியது 7,000. அதாவது ஒரு சர்க்கார் கொடுத்ததை இன்னொரு சர்க்கார் வாங்கிக் கொண்டது. சென்னைக் கஜானாவிலிருந்து பெங்களூர்க் கஜானாவுக்குப் போக வேண்டிய பணம், தொழிலாளியின் சட்டைப் பை வழியாகப் போயிருக்கிறது. சர்க்கார்கள் இரண்டுக்கும் இதில் பெரிய லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ரசீதில்லாத அந்த 7,500 ரூபாயையும் வட்டியையும் இழந்து நிற்பவன் நடுவில் நின்ற தொழிலாளி ஒருவன்தான்.

கை மாறிய வண்டியின் கதை

மேலே சொன்னது புது வண்டி வாங்கியவனின் கணக்கு. கிராமத்திலிருந்து கிளம்பும் விவசாயத் தொழிலாளி புது வண்டியா வாங்குகிறான்? இரண்டு கை, மூன்று கை மாறிய வண்டியை 15,000-க்கோ 20,000-க்கோ வாங்குகிறான். பல சமயம் ஆர்.சி. புத்தகத்தில் முதல் சொந்தக்காரர் பெயரே இருக்கும். கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்து விட்டு விற்றவர் போய்விட்டார். பெயர் மாற்றத்துக்கும் பணம் ஆகும், ஒரு நாள் கூலியும் போகும் என்று இவனும் விட்டு விடுகிறான்.

உள்ளூரில் ஓட்டும் வரையில் காலம் தள்ளிவிடலாம். எல்லை தாண்டினால் வினை. தடையில்லாச் சான்றுக்கு மனுப் போட வேண்டியவர் புத்தகத்தில் பெயர் உள்ள சொந்தக்காரர். அவர் எந்த ஊரில் இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ! அதோடு பல மாநிலங்களில் வரியைக் கணக்கிடுவது வண்டியின் இன்றைய சந்தை விலையை வைத்து அல்ல. முதலில் விற்ற விலையை வைத்து, வயதுக்கேற்ற விகிதம் போடுகிறார்கள். பழைய வண்டியை வாங்கியவனுக்கு, வண்டி விலையில் கணிசமான பங்கு வரியாகவே வந்து நிற்கிறது. விளைவு என்ன? வண்டியைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறான். அல்லது மாற்றாமலே பயந்து பயந்து ஓட்டுகிறான். அப்படி ஓட்டுகிறவன் வழியில் தொப்பி தெரிந்தால் சந்துக்குள் திரும்புகிறான். அவனைக் குற்றவாளி போல நடக்க வைத்தது எது?

வடக்கேயிருந்து நம் ஊர்களுக்கு வந்திருக்கும் தொழிலாளிகளின் பாடும் இதுதான். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை வார்ப்படப் பட்டறைகளிலும் வேலை செய்கிறவர்கள் இங்கே வண்டி வாங்கினால், ஊர் திரும்பும்போது அதைப் பார்சலில் ரயிலேற்றி, அங்கே போய் மறுபடியும் வரி கட்டி நம்பர் வாங்க வேண்டும். மொழி தெரியாத ஊரில் ஆபீஸ் ஆபீசாக அலைந்து சான்று வாங்குவது அவர்களுக்கு எவ்வளவு பாடு என்று பெங்களூரில் அலைந்த நம் ஆட்களுக்குத் தெரியும். இது தமிழன், கன்னடன், பீகாரி என்ற பிரச்னை அல்ல. கூலிக்காக ஊர் விட்டு ஊர் போகும் அத்தனை பேரின் பிரச்னை.

எல்லையோரத்துப் பாடு

ஓசூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவில் மாநில எல்லை ஓடுகிறது. காலையில் ஓசூரிலிருந்து பொம்மசந்திரா, ஜிகணித் தொழிற்பேட்டைகளுக்குப் போய், இரவில் வீடு திரும்பும் தொழிலாளிகள் ஏராளம். மேற்கே வாளையார் எல்லையிலும் இதே போலக் கோவைக்கும் பாலக்காட்டுக்கும் இடையே போக்குவரத்து நடக்கிறது. மில் ஒரு மாநிலத்தில், வீடு இன்னொரு மாநிலத்தில்.

சட்டம் சொல்வது வண்டியை 12 மாதத்துக்கு மேல் "வைத்திருப்பது" பற்றி. இரவில் சொந்த மாநிலத்து வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை அடுத்த மாநிலத்தில் வைத்திருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்? ஆனாலும் ரோட்டில் நிறுத்திக் கேட்கும்போது, தினமும் போய் வருகிறேன் என்று நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில்தான் விழுகிறது.

கர்நாடக சர்க்கார் 2014-இல் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, வெளிமாநில வண்டி 30 நாட்களுக்கு மேல் அங்கே இருந்தால் ஆயுட்கால வரி கட்ட வேண்டும் என்று கொண்டு வந்தது. மத்தியச் சட்டம் 12 மாதம் அவகாசம் கொடுக்கிறது. மாநிலம் அதை ஒரு மாதமாகச் சுருக்கப் பார்த்தது. வழக்குத் தொடரப்பட்டது. அந்தத் திருத்தம் செல்லாது என்று கர்நாடக உயர்நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றத்துக்குப் போக வசதியுள்ளவர்கள் இருந்ததால் இந்த நியாயம் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் ரோட்டோரத்தில் மடக்கப்பட்டவர்களில் வக்கீல் வைக்க வழியில்லாத கூலிக்காரர்கள் பட்ட பாட்டை யார் கணக்கெடுத்தார்கள்?

யாருக்கு எல்லை இல்லை?

இந்த நாட்டில் எல்லோருக்கும் இப்படித்தானா என்றால், இல்லை.

சரக்கு லாரிக்கு நேஷனல் பர்மிட் இருக்கிறது. 2010-இல் அதை எளிமையாக்கினார்கள். வருஷத்துக்கு ஒரு மொத்தக் கட்டணம் கட்டினால் நாடெங்கும் சரக்கு ஏற்றிப் போகலாம். அந்தப் பணத்தை மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு சர்க்காருடையது. லாரி முதலாளி ஒவ்வொரு மாநிலத் தலைநகருக்கும் போய் அலைய வேண்டியதில்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளையும் எடுத்து விட்டார்கள். மில்லில் நெய்த துணி தடையில்லாமல் எல்லை தாண்டுகிறது. அதை நெய்த தொழிலாளியின் மோட்டார் சைக்கிள் எல்லையில் மாட்டிக் கொள்கிறது!

அடுத்து, உத்தியோகஸ்தர்களுக்குச் செய்திருக்கும் ஏற்பாட்டைப் பார்ப்போம். 2021 செப்டம்பர் 15 முதல் "பாரத் வரிசை" என்று ஒரு புது நம்பர் முறை வந்தது. பி.எச். என்ற எழுத்துப் போட்ட நம்பர். இந்த நம்பர் உள்ள வண்டியை எந்த மாநிலத்துக்குக் கொண்டு போனாலும் மறு பதிவு வேண்டாம். ஆயுட்கால வரியும் இல்லை. இரண்டு இரண்டு வருஷமாக வரி கட்டினால் போதும். நல்ல ஏற்பாடு, நாம் குறை சொல்லவில்லை. ஆனால் இது யாருக்கு? மத்திய, மாநில சர்க்கார் ஊழியர்களுக்கு, ராணுவத்தினருக்கு, பொதுத்துறை ஊழியர்களுக்கு. தனியார் துறையில் என்றால், நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனியின் ஊழியர்களுக்கு. அதுவும் கம்பெனி சான்று கொடுத்தால்.

மேஸ்திரிக்கு நாலு மாநிலத்தில் ஆபீஸ் உண்டா? செங்கல் சூளை முதலாளி சான்று கொடுப்பாரா? காண்ட்ராக்ட் தொழிலாளி என்று கணக்கில் காட்டாமலே வேலை வாங்கும் ஆலை, "இவர் எங்கள் ஊழியர்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுமா? மாற்றல் உத்தரவு வாங்கிக் கொண்டு போகிறவருக்கு வழி திறந்திருக்கிறது; வேலையில்லாமல் ஊரை விட்டுக் கிளம்புகிறவனுக்கு அடைத்திருக்கிறது. யார் அதிகமாக ஊர் மாறுகிறார்கள்? யாருக்கு அலையும் செலவைத் தாங்க முடியாது?

இன்னொரு வகையினரும் இருக்கிறார்கள். வரி குறைவாக உள்ள புதுச்சேரியில் போலி விலாசம் கொடுத்து ஆடம்பரக் கார்களைப் பதிவு செய்து, கேரளத்தில் ஓட்டி வந்த விவகாரம் 2017-இல் அம்பலமாயிற்று. வழக்குகளும் பதிவாயின. ஒரு காருக்கே பல லட்சம் ரூபாய் வரி ஏய்ப்பு. லட்சங்களை ஏய்ப்பவர்களுக்கு எல்லை ஒரு வசதி. ஆயிரங்களுக்குக் கடன் வாங்குகிறவனுக்கு அதே எல்லை ஒரு சுவர்.

மாநிலங்களுக்கு வருமானம் வேண்டாமா?

வேண்டும். இதில் நமக்குச் சந்தேகமில்லை. ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலங்கள் தாமாக விகிதம் நிர்ணயித்து வசூலிக்கும் வரிகள் சொற்பமாகிவிட்டன. வாகன வரி, பெட்ரோல் விற்பனை வரி, மது வரி, பத்திரப் பதிவு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலவற்றில் ஒன்றையும் மத்திய சர்க்கார் எடுத்துக் கொள்ளட்டும் என்று சொல்லும் யோசனையை நாம் ஆதரிக்கவில்லை. ரோடு போடுவது, பள்ளிக்கூடம் நடத்துவது, ஆஸ்பத்திரி நடத்துவது மாநிலங்கள்தான். அவற்றுக்குப் பணம் வேண்டும்.

ஆனால் வரி வாங்கும் உரிமை ஒன்று. வாங்கும் விதம் வேறு. எல்லை தாண்டிப் போன தொழிலாளி முதல் நாளிலிருந்தே புது மாநிலத்துக்கு வரி கட்டத் தொடங்கி விடுகிறான். அவன் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் அந்த மாநிலத்தின் விற்பனை வரி இருக்கிறது. வண்டி வாங்கும்போது ஜி.எஸ்.டி. கட்டியிருக்கிறான், 350 சி.சி. வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு 2025 செப்டம்பர் 22 வரையில் அது 28 சதவிகிதமாக இருந்து, பிறகுதான் 18 ஆகக் குறைந்தது. அதிலும் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. ஆகவே ஓசியில் ரோட்டை உபயோகிக்கிறான் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒரு காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. 1931-ஆம் வருஷத்திய சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டத்தின்படி வரி காலாண்டு காலாண்டாகக் கட்டப்பட்டது. ஊர் மாறினாலும் போவது மிஞ்சிமிஞ்சி ஒரு காலாண்டு வரி. பிற்பாடு, ஆபீசில் வேலை குறையும், பணம் மொத்தமாகக் கைக்கு வரும் என்று ஆயுட்கால வரியைக் கொண்டு வந்தார்கள். சர்க்காருக்கு 15 வருஷ வரி முன்பணமாகக் கிடைத்தது. முன்பணம் கொடுத்தவன் இடம் மாறினால் என்ன செய்வது என்பதை யாரும் பொறுப்போடு யோசிக்கவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. அரசியல் சட்டத்தின் பொதுப் பட்டியலில் 35-வது இனம், மோட்டார் வாகனங்களின் பேரில் வரி எந்தக் கோட்பாடுகளின்படி விதிக்கப்பட வேண்டும் என்பதைப் பார்லிமெண்டும் தீர்மானிக்கலாம் என்கிறது. விகிதம் மாநிலத்தின் கையிலேயே இருக்கட்டும். ஒரே காலத்துக்கு இரண்டு வரி கூடாது என்ற ஒரு கோட்பாட்டை, மாநிலங்களைக் கலந்து பேசிச் சட்டமாக்குவதில் என்ன தடை?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவையே பாருங்கள். புது நம்பர் கொடுக்கும் ஆபீஸ் பழைய ஆபீசுக்குத் தானே எழுதி, பதிவேட்டு விவரத்தைத் தருவித்துக் கொள்ள வேண்டும் என்று அதில் இருக்கிறது. இன்று அந்த விவரமெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. ஒரு ஆபீசின் பதிவேடு இன்னொரு ஆபீசுக்குப் போகலாம் என்றால், மீதி வரிப் பணமும் அதோடு போகக் கூடாதா? லாரி முதலாளிக்காக மாநிலங்களிடையே பணம் பங்கிட முடிகிறபோது, தொழிலாளிக்காக முடியாதா?

அதுவரையில் தெரிந்து கொள்ள வேண்டியது

சட்டம் மாறும் வரையில் ஏமாறாமல் இருக்கத் தோழர்கள் சில விஷயங்களை மனதில் வைக்க வேண்டும்.

முதலாவது, எல்லை தாண்டிய மறுநாளே புது நம்பர் வாங்க வேண்டியதில்லை. 12 மாத அவகாசம் உண்டு. எப்போது வந்தோம் என்பதற்கு அத்தாட்சி வைத்துக் கொள்ளுங்கள்: வேலைக்குச் சேர்ந்த சீட்டு, வாடகை ரசீது, வண்டி பார்சல் சீட்டு, ஊரில் சர்வீஸ் விட்ட ரசீது எதுவானாலும் சரி.

இரண்டாவது, தடையில்லாச் சான்றை இழுத்தடிக்க ஆபீசுக்கு உரிமை இல்லை. 48-வது பிரிவின்படி 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதிலே இல்லையென்றால் சான்று கொடுத்ததாகவே சட்டம் கருதுகிறது. ஆகவே மனுக் கொடுத்த தேதிக்கு அத்தாட்சி இல்லாமல் ஜன்னலை விட்டு நகராதீர்கள்.

மூன்றாவது, பைனான்ஸ் கம்பெனி சம்மதக் கடிதம் கொடுக்காமல் இழுத்தாலும் சட்டம் இருக்கிறது. 51-வது பிரிவின்படி 7 நாளில் கொடுக்க வேண்டும், அல்லது காரணம் சொல்லி மறுக்க வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் கொடுத்ததாகவே கொள்ளப்படும்.

நாலாவது, பழைய வண்டி வாங்கும்போது பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். விற்றவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே முடித்து விடுங்கள்.

ஐந்தாவது, புது நம்பர் வாங்கியதோடு நின்றுவிடாதீர்கள். பழைய மாநிலத்தில் வரி திரும்பப் பெற மனுப் போடுங்கள். அலைச்சலுக்குப் பயந்து விட்டுவிடும் ஒவ்வொரு ரூபாயும் சர்க்கார் கஜானாவில் அப்படியே தங்கி விடுகிறது.

இவையெல்லாம் ஜன்னலில் தனியாக நிற்பவன் சொன்னால் எடுபடாது என்பது நமக்குத் தெரியும். சங்கத்தின் பேரில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, பதிவுத் தபால் சீட்டையும் வைத்துக் கொண்டு நாலு பேராகப் போய்க் கேட்டால் நிலைமை வேறு. எல்லையோரத்துத் தொழிற்சங்கங்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து இந்த வேலையை எடுத்துக் கொள்ள வேண்டும்.

நாம் கேட்பது

நம் கோரிக்கைகள் எளியவை, நடைமுறைக்கு ஏற்றவை.

1. ஒரு மாநிலத்தில் கட்டிய ஆயுட்கால வரியின் மீதியை, வண்டியோடு புது மாநிலத்துக்கு மாற்ற வேண்டும். கணக்கைச் சர்க்கார்கள் தங்களுக்குள் தீர்த்துக் கொள்ள வேண்டும். வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் தொழிலாளியிடம் கேட்கலாம்.

2. பாரத் வரிசை நம்பரைக் கட்டிடத் தொழிலாளர் நல வாரியத்திலோ, அமைப்புசாராத் தொழிலாளர் பதிவிலோ இருக்கும் தொழிலாளிகளுக்கும் கொடுக்க வேண்டும். முதலாளியின் சான்று நிபந்தனையாக இருக்கக் கூடாது.

3. இரண்டு, மூன்று கை மாறிய சிறு மோட்டார் சைக்கிள்களுக்கு இன்றைய மதிப்பை வைத்தே வரி போட வேண்டும். பெயர் மாற்றத்துக்கு எல்லையோர ஜில்லாக்களில் தனி முகாம்கள் நடத்த வேண்டும்.

4. தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு அடையாளச் சீட்டுக் கொடுத்து, ரோட்டில் மடக்கும் தொல்லையை நிறுத்த வேண்டும்.

5. மனுக்களைத் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் நிரப்ப வழி செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமையிலாவது ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்; கூலியை இழக்காமல் சட்டத்துக்குக் கீழ்ப்படியும் வசதியைத் தொழிலாளிக்குக் கொடுங்கள்.

இந்தியாவின் எந்தப் பகுதிக்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம் என்று அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. உரிமையைக் காகிதத்தில் கொடுத்துவிட்டு, அதை உபயோகிக்கப் பத்தொன்பது நாள் கூலி கேட்பது நியாயமல்ல. இந்த ஐந்து கோரிக்கைகளையும் ஆலை வாசலிலும், கட்டிட வேலை நடக்கும் இடங்களிலும், வெளியூர் வேலைக்கு ஆள் கிளம்பும் கிராமங்களிலும் படித்துக் காட்டுங்கள். கையெழுத்து வாங்குங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மகஜர் போகட்டும். இரண்டு சர்க்கார்களுக்கு நடுவில் தனித்தனியே நின்று நசுங்குகிறவர்கள் ஒன்றாகச் சேர்ந்து கேட்டால், இரண்டு சர்க்கார்களும் பதில் சொல்லியே தீர வேண்டும்.